பறக்காத தூரமும் பறிபோகும் மைல்களும்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்குப் பயணச்சீட்டு எடுத்த ஒருவர் வவுனியாவில் இறங்கிக்கொண்டால் பேருந்து நடத்துநர் அவரைத் தடுப்பதில்லை. முழுக் கட்டணமும் செலுத்தப்பட்டுவிட்டது; மீதித் தூரத்திற்கு ஆசனம் வெறுமையாகச் செல்லும்; அவ்வளவுதான். இதே காரியத்தை விமானப் பயணத்தில் செய்பவரோ ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுகின்றார். அவர் சேர்த்து வைத்திருக்கும் பயண மைல்களும் ஆபத்துக்குள்ளாகின்றன. இது நியாயமா?

விமானக் கட்டணத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, போட்டியே. ஒரு விமான நிறுவனம் தனது மையமாக வைத்திருக்கும் நகருக்குச் செல்ல வேறு நிறுவனங்களின் போட்டி குறைவு. எனவே கட்டணம் அதிகம். அதே நகரின் ஊடாக இன்னொரு நகருக்குச் செல்லப் பல நிறுவனங்கள் போட்டியிடுவதால் கட்டணம் குறைகின்றது. இதை அறிந்த சிலர் தொலைவிலுள்ள நகருக்குச் சீட்டு எடுத்து, விமானம் மாறும் இடத்திலேயே வெளியேறிவிடுகின்றனர். 2023 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கெயின்ஸ்வில் விமான நிலையத்தில் 17 வயது இளைஞர் ஒருவர் இதற்காக விசாரிக்கப்பட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். அவரிடம் இருந்தது நியூயோர்க் செல்லும் சீட்டு. அவர் செல்ல விரும்பியதோ வழியிலுள்ள சார்லட் நகருக்கு.

நீதிமன்றங்கள் இவ்விடயத்தில் பயணிகளைக் கைவிட்டுவிடவில்லை. ஒஸ்லோவிலிருந்து பிராங்பேர்ட் ஊடாக சியாட்டில் சென்று திரும்பிய பயணி ஒருவர் கடைசிக் கட்டமான பிராங்பேர்ட் - ஒஸ்லோ விமானத்தில் ஏறாமல் பேர்லினுக்குச் சென்றுவிட்டார். அவரிடம் 2,112 யூரோ கோரி லுப்தான்சா தொடுத்த வழக்கை 2018 டிசம்பரில் பேர்லின் நீதிமன்றம் ஒன்று தள்ளுபடி செய்தது. மேலதிகக் கட்டணம் எவ்வாறு கணிக்கப்படும் என்பது பயணிக்குத் தெளிவாக இல்லை என்பது அதற்கான காரணம். அதே ஆண்டு ஸ்பெயினின் உயர் நீதிமன்றமும், போகும் பயணத்தைத் தவறவிட்டவரின் திரும்பும் சீட்டை இரத்துச் செய்ய இடமளித்த ஐபீரியா நிறுவனத்தின் நிபந்தனை நியாயமற்றது எனத் தீர்ப்பளித்தது. இத்தகைய சீட்டுகளைத் தேடித்தரும் ஸ்கிப்லாக்ட் இணையத்தளத்திற்கு எதிராக அமெரிக்கன் எயார்லைன்ஸ் 2024 இல் 94 இலட்சம் டொலர் நட்டஈட்டுத் தீர்ப்பைப் பெற்றது உண்மையே. ஆயினும் அது நிறுவனத்தின் சின்னத்தைப் பயன்படுத்தியமை பற்றிய பதிப்புரிமைத் தீர்ப்பு. இடையில் இறங்கிய பயணியைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு அன்று.

இனி மைல்களுக்கு வருவோம். 1981 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தனது திட்டத்தை ஆரம்பித்தபோது, பறந்த தூரத்திற்கே மைல் வழங்கப்பட்டது. 2015 இல் டெல்டாவும் யுனைட்டட்டும், 2016 இல் அமெரிக்கனும் தூரத்தைக் கைவிட்டு, செலுத்திய கட்டணத்தை அளவுகோலாக்கின. மைல் என்பது பெயருக்கு மட்டுமே, அளக்கப்படுவது பணம். அப்படியானால் முழுக் கட்டணத்தையும் செலுத்திவிட்டு இடையில் இறங்கியவருக்கு முழு மைலும் கிடைக்க வேண்டுமல்லவா? கிடைக்காது. பறந்த கட்டங்களுக்குரியது மட்டுமே கணக்கில் சேரும். வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது வேறு படி என்ற பழைய வியாபாரம்தான் இது.

எனினும் பறக்காத பகுதிக்கு மைல் கேட்டு வாதாடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மைல் என்பது பயணத்திற்கான வெகுமதி. நிபந்தனையை ஏற்றே நாம் அதில் சேர்கிறோம். என் ஆட்சேபம் வேறு. ஒரு கட்டத்தைத் தவிர்த்தமைக்காக, பல ஆண்டுகள் நேர்மையாகப் பறந்து சேர்த்த மைல்களை அழிக்கவும் கணக்கை மூடவும் விமான நிறுவனங்கள் தமக்கு அதிகாரம் எழுதி வைத்திருப்பதையே நான் கண்டிக்கிறேன். இந்த அதிகாரத்திற்கு எதிரான பாதுகாப்பும் மிகக் குறைவு. அளவுக்கு மீறி முறைப்பாடு செய்தார் என்று கூறி நோர்த்வெஸ்ட் நிறுவனம் உறுப்புரிமையை நீக்கிய ஒருவரின் வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒப்பந்தத்தில் தொக்கி நிற்கும் நல்லெண்ணக் கடப்பாட்டைக் காட்டி அவர் வழக்காட முடியாது என 2014 இல் ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாகக் கூறினர்.

வராத பயணிக்காகக் காத்திருப்பதால் விமானம் தாமதிக்கின்றது, இன்னொருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆசனம் வீணாகின்றது என்று நிறுவனங்கள் கூறுகின்றன. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சிலர் வரமாட்டார்கள் என்று கணக்கிட்டு, உள்ள ஆசனங்களை விட அதிகமான சீட்டுகளை விற்பவையும் இதே நிறுவனங்கள்தாம். பயணி வராமல் இருப்பதை வைத்து இலாபம் பார்ப்பவர்கள், வராத பயணியைத் தண்டிக்க எந்தத் தார்மீக உரிமையும் கொண்டவர்கள் அல்லர்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து அடிக்கடி பறக்கும் நம்மவர்கள் சிலவற்றை மனத்திற் கொள்வது நல்லது. முதற்கட்டத்தில் ஏறாவிட்டால், பெரும்பாலான நிறுவனங்கள் மீதிச் சீட்டு முழுவதையும் இரத்துச் செய்துவிடும். சரக்கறைக்குக் கொடுத்த பயணப்பொதி பொதுவாகக் கடைசி நகருக்கே போகும். உறுப்பினர் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், சில நூறு மைல்களுக்காகச் சேமிப்பு முழுவதையும் பணயம் வைத்தவர்களாவீர்கள்.

பறக்காத தூரத்திற்கு மைல் தர வேண்டாம். பறந்து சேர்த்த மைலில் கைவைக்கவும் வேண்டாம். சட்டம் இயற்றுபவர்கள் இந்த எளிய விதியை எழுதிவைத்தாலே போதும்.