இல்லாத இசைக்குழுவுக்கு ஓர் இணையதளம்

உண்மையான இசைக்குழு ஒன்றுக்கு இணையதளம் வடிவமைப்பவரின் பணி பெரும்பாலும் தொகுக்கும் பணியே. குழுவினரின் ஒளிப்படங்கள், நிகழ்ச்சி நாள்கள், பாடல்களின் பட்டியல், தொடர்பு முகவரி என எல்லாம் முன்பே உள்ளன. அவற்றை முறைப்படுத்தினால் போதும். குழுவே கற்பனையாக இருந்தால் என்ன செய்வது? ஒளிப்படம் எடுக்க முகம் இல்லை, எழுதுவதற்கு வரலாறு இல்லை, ஊரும் இல்லை. அங்கே வடிவமைப்பாளர் கதையாசிரியராகவும் மாற வேண்டியிருக்கிறது. கதையாசிரியரின் உரிமை அவருக்குக் கிடைக்கும்போது, கதையாசிரியரின் பொறுப்பும் உடன்வருகிறது என்பது என் கருத்து. அப்பொறுப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் இது.

கற்பனை இசைக்குழு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 'கொரில்லாஸ்'. 'பிளர்' என்னும் ஆங்கில இசைக்குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்னும், 'டாங்க் கேர்ள்' சித்திரக்கதையின் ஓவியர் ஜேமி ஹியூலெட்டும் 1998ஆம் ஆண்டு இலண்டனில் உருவாக்கிய குழு இது. ஒரே வீட்டில் தங்கியிருந்த இருவரும் இசைத் தொலைக்காட்சியைப் பார்த்துச் சலிப்புற்றனர். தோற்றப் பொலிவுக்காகவே ஆள்களைத் தேர்ந்தெடுத்து, வணிகப் பொருளாக விற்கப்படும் குழுக்களே அதில் நிறைந்திருந்தன. குழுக்களை ஆலையில் செய்வதுபோல் செய்கிறார்கள் என்றால், முழுவதும் கோட்டோவியமாகவே ஒரு குழு இருந்தால் என்ன? பாடகர் டூ-டி, பேஸ் கிதார் வாசிக்கும் மர்டாக், கிதார் வாசிக்கும் ஜப்பானியச் சிறுமி நூடுல், டிரம்ஸ் வாசிக்கும் ரசல் என நால்வர் பிறந்தனர். (நூடுல் என்பதெல்லாம் ஒரு பெயரா என்று நீங்கள் கேட்கலாம். கதைப்படி, அச்சிறுமி வந்துசேர்ந்தபோது அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே ஆங்கிலச் சொல் அதுதான்.)

முதல் இசைத்தொகுப்பு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்காலத்தில் அமைந்த அவர்களது இணையதளம், 'எங்களைப் பற்றி', 'எங்கள் பாடல்கள்' எனப் பக்கங்களை அடுக்கி வைக்கவில்லை. 'காங் ஸ்டூடியோஸ்' என்னும் கற்பனைக் கட்டடமாகவே அத்தளம் வரையப்பட்டிருந்தது. பார்வையாளர் அதனுள் நுழைந்து, கதவுகளைத் திறந்து, குழுவினரின் அறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்கலாம். மர்டாக்கின் இருப்பிடமோ, வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும் 'வின்னபேகோ' என்னும் வீட்டு வண்டி. ஒருவரின் குணத்தைப் பத்து வரிகளில் எழுதுவதைவிட, அவர் எங்கே உறங்குகிறார் என்று காட்டுவது வலிமை மிக்கது. அகப்பாடல்களைப் பயின்ற உங்களுக்கு இது புதிதன்று. நிலமும் பொழுதும் பறவையும் மரமும் தலைவியின் மனநிலையைச் சொல்லிவிடுகின்றன. பெயர்கூடச் சுட்டப்படாத அத்தலைவியின் துயரை நாம் ஐயமின்றி உணர்கிறோம். முதற்பொருள், கருப்பொருள் ஆகியவற்றின் அந்த ஆற்றல் கணினித் திரையிலும் செல்லுபடியாகிறது.

தொழில்நுட்பமும் இக்குழுவுக்குத் துணைநின்றது. அன்று பல வீடுகளுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையம் வந்தது. நொடிக்கு 56 கிலோபிட் என்பதே அவ்விணைப்பின் உச்ச வேகம்; அதாவது நொடிக்கு 7 கிலோபைட். 1 மெகாபைட் அளவுள்ள ஒளிப்படம் ஒன்று வந்துசேர இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஒளிப்படம் எண்ணற்ற புள்ளிகளால் ஆனது. புள்ளிகளின் நிறங்களைப் பற்றிய தகவல் முழுவதும் கம்பி வழியே வர வேண்டும். கோட்டோவியம் அப்படியன்று. 'இங்கிருந்து அங்குவரை இவ்வளவு வளைந்த கோடு, அதனுள்ளே இந்த நிறம்' என்று கணினிக்குச் சொன்னால் போதும். 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருள் இவ்வகை ஓவியங்களை அசையவும் பேசவும் வைத்தது. உண்மை முகங்களைக் காட்டும் தளங்கள் தள்ளாடித் திறந்த அதே இணைப்பில், வரைந்த முகங்கள் துள்ளித் திரிந்தன.

இவ்வளவு கற்பனைக்கு நடுவிலும், படைத்தவர் யார் என்பது உலகறிந்த செய்தியாகவே இருந்தது. இக்குழுவை வடிவமைத்ததற்காக 2006ஆம் ஆண்டு இலண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் 'ஆண்டின் வடிவமைப்பாளர்' என்னும் சிறப்பை ஹியூலெட்டுக்கு அளித்தது. அச்சிறப்பு டூ-டிக்கோ மர்டாக்குக்கோ அன்று. தூரிகை பிடித்த மனிதருக்கு. தொடக்கக் கால நிகழ்ச்சிகளில் இசைக்கலைஞர்கள் திரைக்குப் பின்னே நின்று வாசித்தனர். திரையில் ஓவியங்கள் அசைந்தன. நம் தோற்பாவைக் கூத்திலும் திரைக்குப் பின்னே ஒருவர் இருக்கிறார் என்பதை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவனும் அறிவான். அறிந்தேதான் அவன் பாவைக்காகக் கண்கலங்குகிறான்.

இதற்கு நேர்மாறான ஒன்று 2025ஆம் ஆண்டு நடந்தது. 'ஸ்பாட்டிஃபை' இசைத்தளத்தில் 'தி வெல்வெட் சன்டவுன்' என்னும் புதிய குழு தோன்றியது. சில வாரங்களிலேயே அதன் மாதாந்திரக் கேட்பாளர் எண்ணிக்கை 10 இலட்சத்தைக் கடந்தது. உறுப்பினர்களுக்குப் பெயர்கள் இருந்தன, படங்கள் இருந்தன. கேட்டவர்களிடையே ஐயம் எழுந்து, கேள்விகள் பெருகிய பின்னரே, செயற்கை நுண்ணறிவின் துணையோடு உருவாக்கப்பட்ட முயற்சி இது என்னும் விளக்கம் அறிமுகப் பகுதியில் இடம்பெற்றது. 'கொரில்லாஸும் கற்பனை, இதுவும் கற்பனை. ஒன்றைப் பாராட்டி மற்றொன்றைக் குறைகூறுவது முறையா?' என்று கேட்கலாம். முறையே என்பேன். முன்னது கற்பனை என்று தெரிந்து உள்ளே சென்றோம். பின்னதில் அதைக் கண்டுபிடிக்கும் சுமை கேட்பவர் தலையில் வைக்கப்பட்டது. கருவியைப் பற்றிய குறையன்று இது. இதில் பொருளியலும் உண்டு. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள், கலைஞர்களுக்கு ஒதுக்கும் தொகையைப் பாடல்கள் எத்தனை முறை கேட்கப்பட்டன என்னும் விகிதப்படி பகிர்கின்றன. அங்கே கேட்கப்படும் ஒவ்வொரு பாடலும், உழைத்துப் பாடிய வேறொருவரின் பங்கோடு போட்டியிடுகிறது.

பெயர் சொல்வது அவ்வளவு முதன்மையானதா என்று எண்ணுவோர்க்கு நம் நாட்டு நிகழ்வு ஒன்றைச் சொல்லலாம். 1949ஆம் ஆண்டு 'மகல்' என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. அதன் புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில், பாடியவரின் பெயராகக் 'காமினி' என்றே அச்சிட்டிருந்தனர். காமினி என்பவர் கதையில் வரும் பெண். பாடியவரோ, அப்போது இருபதைத் தொட்டிருந்த லதா மங்கேஷ்கர். இன்று நாம் திரையில் ஒருவர் வாயசைக்க வேறொருவர் பாடுவதை ஏமாற்றாகக் கருதுவதில்லை. பாடியவரின் பெயர் நமக்குச் சொல்லப்படுவதே அதற்குக் காரணம். கதைமாந்தரின் பெயர் மனிதரின் பெயரை விழுங்கிவிட்டால், அது கற்பனையின் வெற்றி ஆகாது.

கணினி ஆய்வகத்தில் நீங்களே ஒரு கற்பனைக் குழுவைப் படைத்துத் தளம் அமைக்க முற்பட்டால், நிறத்தையும் எழுத்துருவையும் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடகி எந்த ஊரினள்? மழைநாளில் ஒத்திகை எங்கே நடக்கும்? குழுவில் யார் யாரோடு பேசுவதில்லை? இவற்றுக்கு விடை கிடைத்தால் பக்கங்கள் தாமே உருவாகும். 'பக்கம் கிடைக்கவில்லை' என்னும் அறிவிப்பைக்கூட அப்பாடகியின் குரலிலேயே எழுதலாம். சலிப்பூட்டும் இடமும் கதையாகிவிடும். முதற்பக்கத்தில் 25 வயது என்றும் மூன்றாம் பக்கத்தில் 19 வயது என்றும் எழுதிவிடாதீர்கள். கற்பனையில் முரண்பாட்டைப் படிப்பவர் உடனே கண்டுகொள்வர். படங்களுக்கெல்லாம் எழுத்து விளக்கம் சேருங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அவ்விளக்கத்தையே படித்துக் காட்டும். வரைந்தவர், இசையமைத்தவர், பாடியவர், நிரல் எழுதியவர், பயன்படுத்திய செயற்கை நுண்ணறிவுக் கருவி ஆகியவற்றின் பெயர்களைத் தனிப்பக்கத்தில் தாருங்கள். 'மந்திரம் கலைந்துவிடாதா?' என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்பார். அந்தப் பக்கத்துக்குக் கட்டடத்தின் பின்புறம் ஒரு சிறு கதவு வையுங்கள். தேடுபவர் காணும்படி அது இருந்தால் போதும். ஆனால் பூட்டியிருக்கக் கூடாது.

அந்தப் பெயர்ப் பக்கத்தை எளிய எழுத்துகளாலேயே அமைப்பது நல்லது. ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. 2021 சனவரி 12 முதல் அம்மென்பொருள் தன்னில் எதையும் இயங்கவிடாமல் தடுத்தது. காங் ஸ்டூடியோஸைப் போல் அதைக் கொண்டு எழுப்பப்பட்ட எத்தனையோ கட்டடங்களின் கதவுகள் இன்றைய உலாவியில் நேரடியாகத் திறப்பதில்லை. ஆர்வலர்கள் மாற்று மென்பொருள்களின் துணையால் சிலவற்றைத் திறந்து வருகின்றனர். அதே காலத்தில் வெற்றெழுத்தாக எழுதப்பட்ட பக்கங்களோ, எவருடைய உதவியுமின்றி இன்றும் திறக்கின்றன.