தேர் ஓடும் வீதிகளில் ஆள் நடக்க வழி கேட்டு மனு

அனுப்புநர்: பாதசாரிகள், பேருந்துப் பயணிகள் சங்கத்தினர், கடலூர் மற்றும் சிதம்பரம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்.

நகல்: ஆணையர், கடலூர் மாநகராட்சி; ஆணையர், சிதம்பரம் நகராட்சி.

பொருள்: நடைபாதை மற்றும் நகரப் பேருந்து வசதி – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சிதம்பரத்தில் கீழவீதி, மேலவீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி ஆகியவற்றின் உண்மையான அகலம் ஊர்க்காரர்களுக்கே வருடத்தில் இரண்டு முறைதான் கண்ணில் படுகிறது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் ஐந்து தேர்கள் அங்கே ஓடுகின்றன. விழா முடிந்ததும் ஓரமெல்லாம் இருசக்கர வாகனங்களும் கடைப் பலகைகளும் சேர்ந்துவிடுகின்றன. கோயிலுக்கு வரும் பெரியவர்கள் நடுச்சாலையில் நடக்கிறார்கள்.

எங்கள் உறுப்பினரான ஒரு அம்மா, கடைத்தெருவில் உடைந்த வடிகால் மூடியில் கால் சிக்கி விழுந்தார். கம்பி நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பள்ளத்தில் அடுத்தவர் விழாமலிருக்க யாரோ ஒரு வேப்பங்கிளையை நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். கிளை காய்ந்து சருகான பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

தடையற்ற நடைபாதை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியுள்ளது. ஆகவே நாங்கள் கேட்பது சலுகையல்ல.

வீதியோரம் வாகனம் நிறுத்துவதைத் தடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. எங்களிலேயே கடை வைத்திருப்பவர்கள் உண்டு. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது, அருகிலேயே பல அடுக்கு வாகன நிறுத்தமும் கட்டப்பட்டது. அங்கே கடைகள் இன்றும் நடக்கின்றன. எனவே இங்கும் முதலில் தேர் வீதிகளுக்கு வெளியே வாகன நிறுத்தம் அமையட்டும். அதன்பின் வீதிகளின் இருபுறமும் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற நடைபாதை வேண்டும். தரைக்கடைக்காரர்களை விரட்ட வேண்டாம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் பேசி, அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுங்கள்.

கடலூர் விஷயம் இதைவிட அவசரமானது. பேருந்து நிலையத்தை எம்.புதூருக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பைத் தாங்கள் அறிவீர்கள். அதை வெறும் பிடிவாதம் என்று கொள்ள வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் இறங்குபவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே இப்போதைய பேருந்து நிலையத்துக்குப் போய்விடலாம். நிலையம் தள்ளிப்போனால் ஒவ்வொரு பயணத்துக்கும் ஆட்டோக் கூலி சேரும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தச் சலுகையில் மிச்சமாகும் பணம் ஆட்டோவுக்கே போய்விடும். புறநகர்ப் பேருந்துகள் எங்கே நின்றாலும், நகரப் பேருந்துகள் இப்போதைய நிலையத்திலிருந்தே புறப்பட வேண்டும். மஞ்சக்குப்பத்துக்கும் துறைமுகம் பகுதிக்கும் அங்கிருந்து காலை முதல் இரவு வரை பேருந்து தேவை.

லாரன்ஸ் ரோட்டிலும், சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் செல்லும் வழியிலும் நடைபாதை நடுவில் அறுபடாமல் போக வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் சரிவும் நிழற்குடையும் அமைக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் வியாபாரிகள், ஆட்டோ ஓட்டுநர்கள், மாற்றுத்திறனாளிகள், மாணவர்கள் ஆகியோரைக் கூட்டி, வரைபடத்தைத் தமிழில் வைத்துக் கருத்துக் கேட்கவும், உடைந்த வடிகால் மூடிகளை வரும் மழைக்காலத்துக்கு முன் மாற்றவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்