கடலுக்குப் போகும் தண்ணீர்

அபர்டீன் பஜாரில் கடை வைத்திருப்போருக்கும், மேட்டுப் பகுதி வாடகை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர், குமாஸ்தா குடும்பங்களுக்கும் கோடையில் முதல் கவலை தண்ணீர்தான். நகரின் பிரதான நீராதாரம் தனிக்காரி அணை. மழைக்குப் பஞ்சமில்லாத தீவு என்றாலும், மழை ஓய்ந்த மாதங்களில் குழாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் வருகிறது. இப்படிப் பாடுபட்டுப் பிடித்த தண்ணீர், ஒரு தடவை புழங்கியதும் எங்கே போகிறது என்பதைக் கவனிப்போர் குறைவு.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நகர்ப்புறத்தில் நாளொன்றுக்கு 2 கோடியே 30 லட்சம் லிட்டர் கழிவுநீர் சேருகிறது. அதைச் சுத்திகரிக்க அப்போது இங்கே நிறுவப்பட்டிருந்த வசதியோ பூஜ்யம். தேசம் முழுவதும்கூட, தினசரி சேரும் 7,200 கோடி லிட்டருக்கு மேற்பட்ட கழிவுநீரில் சுமார் 2,000 கோடி லிட்டர்தான் சுத்திகரிக்கப்பட்டது.

செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தால் அது மழைநீர்க் கால்வாயில் கலக்கிறது. மேட்டிலிருந்து இறங்கிக் கடலைச் சேருகிறது. வழியில் உடைந்த குடிநீர்க் குழாய் இருந்தால் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் வீட்டுக்குள் நுழைகின்றன. தினக்கூலி வாங்குபவர் நான்கு நாள் படுத்தால் நான்கு நாள் கூலி போயிற்று. கடலுக்கும் கேடுதான். கழிவிலுள்ள சத்துக்களால் பாசி பெருகிப் பவளப்பாறையை மூடுகிறது. பவளப்பாறை அழிந்தால் மீனும் குறையும். உல்லாசப் பயணிகளை நம்பிய பிழைப்பும் குறையும்.

சுத்திகரிப்பு நிலையம் என்பது மாயவித்தை அல்ல. குப்பையை வடிகட்டி, மண்ணைப் படியவைத்து, காற்றைச் செலுத்தி வளர்க்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்னச் செய்து, கடைசியில் குளோரின் கலந்து கிருமியை ஒழிப்பதே அதன் வேலை. அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் உதவும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் திறக்கப்பட்ட நிலையங்கள், ஒவ்வொன்றும் தினம் 4 கோடியே 50 லட்சம் லிட்டர் கழிவுநீரை மேலும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டவை. அந்த அளவுக்குக் குடிநீர் மிச்சம்.

மேடும் பள்ளமுமான இந்நகரில் எல்லாக் கழிவுநீரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோவது சிரமம். பகுதிக்கு ஒன்றாகச் சிறு நிலையங்கள் அமைப்பதே உசிதம். கட்டினால் மட்டும் போதாது. அவற்றை இயக்க மின்சாரமும், பயிற்சி பெற்ற ஆட்களும், ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீடும் வேண்டும். அந்தமான் நிர்வாகமும் நகராட்சியும் இதற்கு ஆவன செய்ய வேண்டும்.

பஜார்வாசிகளுக்கும் கடமை உண்டு. மழைநீர்க் கால்வாயில் கக்கூஸ் குழாயை இணைக்கக் கூடாது. ஓட்டல்காரர்கள் எண்ணெய்க் கழிவைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. செப்டிக் டேங்கை உரிய காலத்தில் இயந்திரம் கொண்டே சுத்தம் செய்விக்க வேண்டும். உரிய பாதுகாப்புச் சாதனங்களின்றி அதில் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

குடம் நிரம்பியதோடு தண்ணீரின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அது வீட்டை விட்டு வெளியேறிய பிறகும் ஊரின் பொறுப்பில்தான் இருக்கிறது.