ஏழு மணிக்கு ஒரு போன்



தபால் பிந்தியதால், "இந்த மாத இதழ் இன்னும் வந்து சேரவில்லையே" என்று கேட்டு எங்கள் இதழ் அலுவலகத்துக்குப் போன் எடுத்தவர்கள் 2021 தொடக்கத்துக் கொரோனாக் குளிர்காலத்தில் கூடியிருந்தார்கள். இதழைப் பற்றிய கதை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் அவர்கள் போனை வைக்கமாட்டார்கள். முழங்கால் நோ, மகனின் வேலை, ஊரில் பெய்த மழை, நேற்று வைத்த குழம்பு என்று கதை நீளும். நாங்களும் வைக்கமாட்டோம். அன்றைக்கு அவர்கள் வாய் திறந்து கதைத்த முதல் ஆள் நாங்கள்தான் என்பது சில நேரம் குரலிலேயே தெரிந்துவிடும்.

2021 ஜனவரி 4ஆம் திகதி, திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்குப் பிரித்தானியப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, இங்கிலாந்து முழுவதும் மறுபடி வீட்டோடு இருக்க வேண்டும் என்று அறிவித்தார். அது மூன்றாவது லொக்டவுன். 2020 வசந்தத்தில் வந்த முதலாவதையும் அதையும் ஒன்றாக எண்ண முடியாது. முதலாவதன்போது வெயில் எறித்தது. பின்வளவில் கதிரையைப் போட்டு இருக்க முடிந்தது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை கதைக்க முடிந்தது. வியாழக்கிழமை இரவுகளில் சுகாதாரப் பணியாளர்களுக்காக வாசலில் நின்று கைதட்டியபோது, தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றாவது தெரிந்தது. 2021 ஜனவரியில் அந்தக் கைதட்டலை மறுபடி தொடங்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில், கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிற குளிரில், யார் வாசலில் வந்து நிற்பார்கள்?

அந்த வருடம் பெப்ரவரி 11ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் பிரேமாரில் மைனஸ் 23 பாகை. 1995க்குப் பிறகு இந்த நாட்டில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை அது. லண்டனில் அந்தளவு இல்லை. ஆனாலும் காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைத்தது.

லொக்டவுன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2021 ஜனவரி 26ஆம் திகதி இந்த நாட்டில் கொரோனா மரணங்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டின. பஸ் ஓட்டியவர்கள், கடை திறந்து வைத்திருந்தவர்கள், கெயர் ஹோமில் வேலை செய்தவர்கள் என்று நம் தமிழர்களும் அதில் இருக்கிறார்கள். வீட்டில் இருங்கள் என்றால் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் இருப்பது வேறு, ஒருவருமே இல்லாமல் இருப்பது வேறு. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொண்டுவிட்டோம் என்பதுதான் என் கவலை.

அப்போதைய சட்டம் என்ன சொன்னது? இங்கிலாந்தில் தனியே வாழ்ந்த ஒருவர் இன்னொரு வீட்டுக்காரரோடு சேர்ந்து 'சப்போர்ட் பபிள்' அமைத்துக்கொள்ள முடிந்தது. 2020 ஜூன் மாதம் வந்த ஏற்பாடு அது, மூன்றாவது லொக்டவுனிலும் இருந்தது. அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் பரவாயில்லை. அங்கே போகவும், சாப்பிடவும், இரவு தங்கவும், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சவும் முடிந்தது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்கத் தேவை இருக்கவில்லை. ஒரே நிபந்தனை, அந்த இரண்டு வீடுகளும் வேறு எந்த வீட்டோடும் பபிள் சேரக்கூடாது என்பதுதான். பபிள் இல்லாதவர்களும் நாளுக்கு ஒரு தடவை, வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவரோடு இடைவெளி விட்டு வெளியே நடக்க முடிந்தது.

இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? தெரிந்தவர்களில் எத்தனை பேர் செய்தோம்?

செய்யாததற்குப் பயமும் ஒரு காரணம். அந்த ஜனவரியில் டெர்பிஷயரில் இரண்டு பெண்கள் காரில் போய்க் கையில் சூடான பானத்தோடு நடந்தார்கள் என்று பொலிஸார் ஆளுக்கு 200 பவுண் தண்டம் எழுதிய செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு அந்தத் தண்டத்தை ரத்துச் செய்து பொலிஸார் மன்னிப்புக் கேட்டது அந்தளவு பரவவில்லை. அதனால் சட்டம் கேட்காத தனிமையையும் சேர்த்து நாமே நம் வயதானவர்களுக்கு விதித்துவிட்டோம்.

இன்னொரு காரணம் நம் வீடுகளுக்கே உரியது. மூன்று பிள்ளைகள் இருந்தால், அம்மா யாரோடு பபிள் சேர்வது? மூத்தவன் வீட்டோடு என்றால் மகள் மனம் கோணுவாள். மகளோடு என்றால் மருமகன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார், பயமாக இருக்கிறது. சின்னவன் இருப்பது லெஸ்டரில். இப்படியே யோசித்து யோசித்து, "ஒருத்தருக்கும் கரைச்சல் வேண்டாம், நான் என்ரபாட்டில் இருக்கிறன்" என்று அம்மா முடித்துவிட்டார். பிள்ளைகளும் அதை அம்மாவின் விருப்பம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது விருப்பம் இல்லை. பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாது என்பதற்காக அவர் கொடுத்த விலை.

பிள்ளைகள் மூவரும் ஒரு வட்ஸ்அப் கோலில் சேர்ந்து, யார் வீடு என்று முடிவு எடுத்து, அம்மாவிடம் ஒரே பதிலாகச் சொல்லியிருக்கலாம். முடிவை அவர் தலையில் போட்டிருக்கத் தேவையில்லை. வீட்டில் ஆஸ்பத்திரி வேலையில் யாராவது இருந்தால், பக்கத்தில் தனியாக இருந்த சிநேகிதி ஒருவரோடு அம்மா சேர்ந்திருக்கலாம். தனியாக இருந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பபிளாக இருக்க முடிந்தது. ஒரு நாள் இவர் வீட்டுப் புட்டு, மறுநாள் அவர் வீட்டு இடியப்பம். அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது.

அடுத்தது, தனியாக இருப்பவர்களின் ஹீட்டிங். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீடியோ கோலில் நமக்குத் தெரிவது முகம் மட்டும்தான். "ஹீட்டர் போட்டிருக்கிறீங்களா அம்மா?" என்றால், "ஓம் ஓம், போட்டிருக்கிறன்" என்று பதில் வரும். போன் திரைக்கு வெளியே இருப்பது நமக்குத் தெரியாது. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் வெளியே போகும் கோட், காலில் இரண்டு சோடி சொக்ஸ், மடியில் சுடுதண்ணீர்ப் பை. காலையில் ஒரு மணித்தியாலம், இரவு ஒரு மணித்தியாலம் ஹீட்டிங். மற்ற நேரமெல்லாம் போர்வைதான். பில் மகனின் கணக்கில் போகிறது, கூடினால் அவனுக்குத்தானே கஷ்டம் என்ற நினைப்பு. ஊரில் அரிக்கன் லாம்பின் திரியைக் குறைத்து மண்ணெண்ணெய் மிச்சம் பிடித்து வளர்ந்த கை, இங்கே தெர்மோஸ்டாட்டையும் குறைக்கிறது.

இந்தச் சிக்கனம் உயிருக்கு ஆபத்து. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் கூடுவதற்கு அது ஒரு காரணம். வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை இருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. முழு வீட்டையும் சூடாக்க வசதி இல்லையா? பகலில் இருக்கும் அறையையும் படுக்கும் அறையையும் சூடாக வைத்து, மற்றக் கதவுகளைச் சாத்திவிடுங்கள். அடுத்த தடவை வீடியோவில் கதைக்கும்போது, "ஹீட்டர் போட்டிருக்கா" என்று கேட்காமல், "அந்தத் தெர்மோஸ்டாட்டை ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேளுங்கள். பதில் எண்ணாக வரும், மறைக்க முடியாது.

காசு விஷயமும் பாருங்கள். அந்தக் குளிர்காலத்தில் 66 வயது தாண்டிய பெரும்பாலானவர்களுக்கு வின்டர் ஃபியூவல் பேமென்ட் என்ற ஹீட்டிங் உதவிப் பணம் 100 முதல் 300 பவுண் வரை கணக்குக்கு வந்தது. அது எதற்கு வந்த காசு என்று தெரியாமல் பலர் அப்படியே சேர்த்து வைத்திருந்தார்கள். குறைந்த வருமானமுள்ள ஓய்வூதியர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டை எடுப்பவர்களுக்கு, தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை பூச்சியமாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் ஒவ்வொரு தடவையும் 25 பவுண் தனியாகக் கிடைக்கும். பென்ஷன் கிரெடிட் கிடைக்கத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் நம்மிடையே நிறைய. ஆங்கிலப் படிவத்தைக் கண்டு மலைத்து ஒதுக்கி வைத்திருப்பார்கள். போனிலேயே விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்று அரை நாள் ஒதுக்கினால் முடிகிற வேலை. காட் போட்டுக் காசு ஏற்றும் மீட்டர் உள்ளவர்கள், கடைக்குப் போக முடியாமல் மீட்டரில் காசு தீர்ந்தால் இருட்டில் இருக்காதீர்கள். அவசரக் கடன் கொடுக்க வேண்டும் என்று மின், எரிவாயுக் கம்பனிகளுக்கு அவற்றின் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் 2020 டிசம்பரில் விதி போட்டது. போன் எடுத்துக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனிச் சொல்லப்போவது மனதுக்குக் கஷ்டமான விஷயம்.

அந்த மாதங்களில் எத்தனை செத்தவீடுகளை நாம் சூமில் பார்த்தோம்? மண்டபத்தில் 30 பேருக்கு மேல் கூட முடியவில்லை. குடும்பத்தார் பெயர்களை எண்ணி எண்ணிக் குறைத்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு லிங்க் வந்தது. ஒரு அறையில், கட்டில் விளிம்பில் இருந்து, மடிக்கணினியில் தன் அண்ணனின் பெட்டி திரைக்குப் பின்னால் போவதைப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். தேவாரம் முடிந்தது. 'மீட்டிங் முடிந்தது' என்று திரையில் வந்தது. அறைக்குள் அவர் மட்டும். ஊரில் என்றால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விட்டிருப்போமா? அயலட்டை சோறு சமைத்துக் கொண்டுவந்து, "ஒரு வாய் சாப்பிடு" என்று கையைப் பிடித்து இருத்தியிருக்கும். இவர் எழும்பிக் குசினிக்குப் போய், தானே தனக்குத் தேத்தண்ணீர் போட்டார்.

அப்படிப்பட்ட நாளில் சட்டம் கையைக் கட்டியதா? வாசலில் ஒரு சாப்பாட்டுப் பார்சலை வைத்து மணியை அடித்துவிட்டு, கேற்றடியில் தள்ளி நின்று முகத்தைக் காட்டிவிட்டு வருவதை யார் தடுத்தார்? சூமில் 200 பேர் இருந்தோம். அவருடைய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களும் நம்மில் இருந்தோம். செத்தவீட்டு லிங்க் உங்களுக்கு வந்தால், தயவுசெய்து இன்னொன்றும் கேளுங்கள்: துக்கத்தில் இருக்கும் யாராவது இன்று தனியாக இருக்கிறார்களா? அவர்களுக்கு இரவுச் சாப்பாடு யார் கொடுப்பது?

மாணவர்களை மறந்துவிடக்கூடாது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்க வந்து, வாடகை அறைகளில் அடைந்து கிடந்தார்கள். வகுப்பு லாப்டொப்பில். பகுதிநேர வேலை கொடுத்த சாப்பாட்டுக் கடைகள் பூட்டு. அவர்களின் விசாவில் அரசாங்க உதவிப் பணத்துக்கு இடம் இல்லை. லண்டன் நியூஹாமில் உணவு வங்கி வரிசைகளில் நின்றவர்களில் வெளிநாட்டு மாணவர்களும் இருந்தார்கள். வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும், "நல்லா இருக்கேன்மா, பனி பாருங்க எவ்ளோ அழகா இருக்கு" என்று ஜன்னலைக் காட்டினார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் ஒரு பிடி கூடப் போடுங்கள். தம்பி, தங்கச்சி, நீங்களே இதை வாசிக்கிறீர்கள் என்றால், அயலில் இருக்கும் கோயிலிலோ குருத்வாராவிலோ போய்ச் சாப்பாடு வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை.

கொரோனாத் தடுப்பூசிக்கு அழைப்பு வந்தால் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். 2021 தொடக்கத்தில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முறை வந்தது; பெப்ரவரி 14க்குள் நாடு முழுவதும் ஒன்றரைக் கோடிப் பேர் முதல் ஊசியைப் போட்டுவிட்டார்கள். வட்ஸ்அப்பில் வரும் வதந்திக் குரல் பதிவுகளைக் கேட்டுப் பயந்து வீட்டில் இருப்பவரை உங்களுக்குத் தெரிந்தால், அவரோடு வாக்குவாதம் வேண்டாம். "நான் வெளியில காருக்குள்ள நிக்கிறன், நீங்கள் உள்ளே போயிட்டு வாங்கோ" என்று சொல்லுங்கள். பலருக்கு அது போதும். கூடவே விட்டமின் டி. குளிர்காலத்தில் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறது என்.எச்.எஸ். நம்மைப் போன்ற கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுவதும் அதை எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

தனியாக இருக்கும் எல்லோரும் துயரத்தில் இருக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிலருக்கு அது பழகிய, பிடித்த வாழ்க்கை. ஒரு சுண்டு அரிசி போட்டு, மூன்று கறி வைத்து, பாதியை ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்து, 'பருப்பு – செவ்வாய்' என்று ஒட்டி ஃப்ரீசரில் அடுக்கி, நாளை ஒழுங்காக நடத்துகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தேவை பரிதாபம் இல்லை. நாளில் ஒரு நேரமாவது தங்களை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற நிச்சயம்.

அதற்குத்தான் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தனியாக வாழும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அவருக்குப் போன் எடுங்கள். ஏழு மணி என்றால் ஏழு மணி. நினைத்த நேரத்தில் எடுக்கும் போன் நல்லதுதான். ஆனால் நேரம் குறித்த போனுக்காக ஒருவர் அந்த நேரத்துக்குள் சாப்பிட்டு, முகம் கழுவி, சொல்ல நாலு விஷயம் யோசித்து வைத்திருப்பார். விழுந்து கிடந்தால், இரவு முழுவதும் கிடக்காமல் ஏழே காலுக்கு யாருக்காவது தெரியவரும். பத்து நிமிடம் போதும். என்ன சமைத்தீர்கள், தெர்மோஸ்டாட் எத்தனை, நாளைக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டாலே கதை தானாக வரும்.

  எந்த அறிவிப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது. இதை வாசிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். இன்று இரவே அவருக்கு எடுங்கள். நாளைக்கும் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்