அடிவரிசைப் பயிற்சியும் அதிர்ஷ்டச் சீட்டும்

கைப்பேசியில் ஆடப்பெறும் வீர விளையாட்டுக்களைக் கண்ட மாத்திரத்தே வீண்பொழுதென இகழ்வாரும், அவற்றிற் பொருளை வாரி இறைத்து மேன்மை தேடுவாரும் நம் மாணவரிடையே உளர். இவ்விரு சாராரும் ஒன்றை மறந்தனர் என்பது எமது துணிபு. அவ்விளையாட்டுக்களில் வல்லமையிற் பெரும்பங்கு விலைக்குக் கொள்ளப்படுவதன்று; விரல்களாற் பயின்று அடையப்படுவது.

ஷாங்காய் நகரத்து மிஹோயோ நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வெளியிட்ட கென்ஷின் இம்பாக்ட் என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 2021 மார்ச்சு மாதத்தில் ஹூ தாவ் என்னும் நங்கை ஆடுவோர் கைக்கு வந்தாள். ஈமக்கிரியைச் சாலையொன்றின் 77-ஆவது தலைவி இவள், ஈட்டி ஏந்தியவள், நெருப்பு இவளது பூதம். (சாவினோடு நகையாடித் தொழில் நடத்தும் ஒருத்தியைப் படைத்தவர் துணிவு வியக்கற்பாலதே.) இவள் தன் ஆற்றலை எழுப்புங்கால், அப்பொழுதுள்ள உயிர்ப்பலத்தில் நூற்றுக்கு 30 பங்கை இழக்கிறாள். அதற்கு ஈடாக 9 வினாடிகள் இவளது ஈட்டி தீயாகிறது.

புதியோர் அவ்வொன்பது வினாடியும் பொத்தானை ஓயாது தட்டிக் கழிக்கின்றனர். கற்றோர் செய்வது வேறு. ஒரு குத்து, உடனே பொத்தானை அழுத்திப் பிடித்து ஒரு பாய்ச்சல், பாய்ச்சலின் அடி பட்டவுடன், அதன் வாலசைவு நீளாதபடி ஒரு தாவல் அல்லது விரைவோட்டம், மீண்டும் குத்து. காம்போ எனப்படும் அடிவரிசை இதுவே.

முதற்குத்து எற்றுக்கு என வினவலாம். துணைவனாகிய சிங்ச்சியூ முன்னரே எழுப்பிச் செல்லும் மழைவாள்கள் 15 வினாடிகள் நிற்பன; எனினும் சாதாரணக் குத்து நிகழ்ந்தாலன்றி அவை பாயா. குத்து நீரை வருவிக்கிறது. நனைந்த பகைவன்மேல் தீப்பாய்ச்சல் விழுங்கால் அதன் வலி ஒன்றரை மடங்காகிறது. இக்காரணம் அறியாது வரிசையை மட்டும் நெட்டுருச் செய்தவன், துணைவன் மாறிய அன்றே திகைப்பான்.

இனிப் பொருட்செலவைப் பற்றிச் சிறிது. பாய்ச்சலொன்றிற்கு 25 அளவும், விரைவோட்டத்திற்கு 18 அளவும் தெம்பு செலவாகும். முழுத் தெம்பு 240. எனவே ஓடி முடிப்பவன் ஐந்து சுற்றோடு நிற்பான். தாவலுக்குச் செலவில்லையாதலின், தாவி முடிப்பவனுக்கு ஒன்பது பாய்ச்சலுக்கும் போதும். ஹூ தாவை இரண்டாம் முறை சீட்டில் பெற்றால் பாய்ச்சற்செலவே நீங்கும் என்பதனாற் சிலர் பணம் கட்டிச் சீட்டிழுக்கின்றனர். ஐந்து விண்மீன் வீரர் எவரேனும் ஒரு சீட்டில் வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 0.6 மட்டுமே. 90-ஆவது சீட்டில் ஒருவர் வருதல் உறுதி; அவர் ஹூ தாவாகவே இருப்பது உறுதியன்று. தந்தையார் விடுதிக்கென அனுப்பிய பணத்தை இதிற் போக்குதலினும், தாவும் பொழுதை விரலுக்கு ஒரு வாரம் பழக்குதல் எத்துணையோ நன்று!

தாவலே எவ்விடத்தும் சிறந்ததென யாம் சொல்லவில்லை. விரைவோட்டத்தில் பகைவன் அடி படாத கணம் ஒன்றுண்டு, தாவலில் அஃதில்லை. அன்றியும், உயிர்ப்பலம் பாதியாகவோ அதனிற் குறைவாகவோ இருக்கையில் இவளது தீயின் வலி நூற்றுக்கு 33 மிகுவதால், வல்லோர் இவளை வேண்டுமென்றே அந்நிலையில் நிறுத்துவர். ஆங்கு ஓர் அடி தவறினும் வீழ்ச்சியே. ஆதலின் புதியோர் விரைவோட்டத்தையே முதலிற் பழகி, ஐந்து சுற்றும் பிழையின்றி வந்தபின் தாவலுக்கு மாறுவாராக.