பதினைந்து வயதின் குறுக்கு வலி

சோழவந்தான் பக்கம் பேரப்பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கும் பாட்டி, பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களை மடக்குவார். பத்து விரலும் படபடவென நெட்டி முறிந்தால், "எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாரு" என்பார். பத்தாம் வகுப்பு படிக்கும் பேரன் புத்தகத்தின் முன் உட்கார்ந்து விரலைச் சொடுக்கினால் அதே பாட்டிக்குக் கோபம் வரும். "நெட்டி முறிக்காதடா, மொளியெல்லாம் தேஞ்சு போகும்." இரண்டு சத்தமும் ஒன்றுதான். இரண்டிலும் எலும்பு தேய்வதில்லை.

விரல் மூட்டுக்குள் வழவழப்பான ஒரு நீர் இருக்கிறது. அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டை இழுக்கும்போது உள்ளே இடம் விரிந்து அழுத்தம் சட்டென்று குறைய, அந்த வாயு குமிழாகிறது. இதைத்தான் 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் சத்தத்துக்குக் காரணமாகச் சொன்னார்கள். குமிழ் உருவாகும்போது சத்தமா, உடையும்போது சத்தமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெக் காவ்சுக் குழுவினர், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை இழுத்துப் படமே எடுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை முறித்த விரல் அடுத்த இருபது நிமிடத்துக்கு மறுபடி முறியாததும் இந்தக் குமிழால்தான். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகள் இடக்கை விரல்களை மட்டும் தினமும் முறித்து, வலக்கையை விட்டுவைத்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். ஒரே ஆளின் கை முழுச் சான்றாகாது. ஆனால் பிறகு வந்த எக்ஸ்ரே ஆய்வுகளும் நெட்டி முறிப்பதற்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பைக் காணவில்லை. உட்கார்ந்து எழும்போது முழங்காலில் 'சடக்' என்று கேட்பதும், வலியோ வீக்கமோ இல்லாதவரை, கவலைப்பட வேண்டியதல்ல.

கவலைப்பட வேண்டியது வலிக்கு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. சத்தம் கேட்டால் பதறுகிறோம். "கை கால் உளையுதும்மா", "குறுக்கு வலிக்குது" என்று பிள்ளை சொன்னால், "இந்த வயசுல உனக்கென்ன வலி?" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

இந்த வயதில் வலி வரும். பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண்பிள்ளைகள் பதினான்கை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே தொடைத்தசையின் நாண் வந்து பிடிக்கும் எலும்பு அப்போது முற்றியிருக்காது. கபடியும் வாலிபாலும் ஆடும் பையனுக்கு அந்த இடம் புடைத்து வலிக்கும். 1903இலேயே பாஸ்டனில் ஆஸ்குட்டும் சூரிச்சில் ஷ்லாட்டரும் எழுதிவைத்த தொல்லை அது. சில மாதம் ஆட்டத்தைக் குறைத்து, தொடைத்தசையை நீட்டிப் பழகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆடி வரும் வலி இது.

இன்று கூடுதலாகக் கேட்பது ஆடாமல் வரும் வலி. சோழவந்தானிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் மதுரைக்குப் படிக்கப் போகும் பிள்ளை காலையில் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறினால், டியூஷனும் முடித்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிறது. பகல் முழுக்க பெஞ்ச், இரவில் தரையில் குனிந்து எழுத்து, அதற்குப் பிறகு கழுத்தை மடக்கிக்கொண்டு செல்போன். முதுகில் பை. பத்தாம் வகுப்புப் பை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் சுற்றறிக்கை அனுப்பியது. 2020ஆம் ஆண்டின் புத்தகப் பைக் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்றது. பள்ளி வாசலில் ஒரு தராசு வைத்தால் போதும், அந்தக் காகிதங்கள் எங்கே நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது. இருந்தும், 2016-18இல் நாடு முழுவதும் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, 10 முதல் 19 வயதுள்ளவர்களில் 24 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைபாடு இருப்பதாகக் கண்டது. வைட்டமின் டி குறைந்தால் எலும்பும் தசையும் நோகும். அந்த வைட்டமினைத் தோலில் உண்டாக்கும் கதிர்கள் நடுப்பகல் வெயிலில்தான் அதிகம். நடுப்பகலில் பிள்ளைகள் கூரைக்கடியில் இருக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்தின் கதையும் இப்படித்தான். பதின்மூன்று வயதுக்கு மேல் நாளொன்றுக்கு சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்காலில் கொடியைத் தாங்கி நிற்கும் அகத்தி, கால்சியம் மிகுந்த கீரைகளில் முன்வரிசையில் இருப்பது. அதன் தழை பெரும்பாலும் ஆட்டுக்குப் போகிறது. கேழ்வரகும் எள்ளும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கின்றன. பிள்ளையின் கையிலோ பரோட்டாவும் பாக்கெட் நொறுக்குத் தீனியும்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அதே கணக்கெடுப்பில் வளரிளம் பையன்களில் 18 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பெண்பிள்ளைகளில் 40 விழுக்காடு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், சாயங்காலம் கால் உளைவதும், உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருப்பதும் ரத்தம் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். வீட்டில் அதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று குப்பைக்குப் போகிறது. சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் பிரட்டல் குறையும் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவர் வேண்டும். வயசுக்கு வந்த அன்றோடு பல பெண்பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும் நின்றுபோகின்றன. வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு வலுவில் பெரும்பங்கு சேர்கிற ஆண்டுகள் அவை. பாட்டிக்கு அறுபதில் முறிந்த இடுப்பெலும்புக்கும் பேத்தி பதிமூன்றில் விட்ட கோ-கோ ஆட்டத்துக்கும் உறவு உண்டு.

எல்லா வலியும் சத்தும் ஆட்டமும் சேர்ந்தால் தீர்ந்துவிடும் என்பதில்லை. தொண்டை வலி வந்துபோன இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கி, அது தணிந்து இன்னொரு மூட்டுக்குத் தாவினால், அது இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தவறாமல் பென்சிலின் ஊசி போட்டுவந்தால் இதயம் மேலும் கெடாமல் காக்கலாம். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிக்கிடந்து, வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால் அது இளம்பருவ மூட்டுவாதமாக இருக்கக்கூடும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி, காரணமில்லாத எடைக்குறைவு, முழங்காலருகே நாளுக்கு நாள் பெருக்கும் புடைப்பு இவற்றில் எதைக் கண்டாலும் சுளுக்கு எடுப்பவரிடம் போய் நீவிவிடக் கூடாது. எலும்புப் புற்று, பிள்ளைகள் வேகமாக வளரும் இந்த வயதில்தான் கூடுதலாக வருகிறது, அதுவும் பெரும்பாலும் முழங்காலைச் சுற்றி. எட்டும் தூரத்தில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கும்போது, எண்ணெய் போட்டுத் தேய்த்தே மாதக்கணக்கைக் கழிப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இந்த வலிகளில் மிகுதியானவற்றுக்கு மாத்திரையைவிட முக்கியமானது பள்ளியின் கால அட்டவணையிலேயே இருக்கிறது. பி.டி. பீரியட். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்குச் சொல்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டாக வரும் அந்தப் பீரியடையும் கணக்கும் அறிவியலும் கடன் வாங்குகின்றன. பொதுத்தேர்வு வகுப்பானால் அந்தக் கடன் திரும்புவதே இல்லை. உதயநிதி ஸ்டாலின் தமிழ்நாட்டின் விளையாட்டுத்துறை அமைச்சரான பிறகு மேடையிலேயே ஆசிரியர்களிடம், பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வேண்டுகோளில் நிற்கிற காரியமல்ல இது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அந்தப் பீரியட் நடந்ததா என்று மாதந்தோறும் பதிவாக வேண்டும். பெண்பிள்ளைகளுக்கென்று மைதானத்தில் தனி நேரம் வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் சத்துணவும் முட்டையும் பன்னிரண்டு வரை நீள வேண்டும். பள்ளிக்கு வரும் நலவாழ்வுக் குழு உயரமும் எடையும் பார்ப்பதோடு, "எங்கே வலிக்குது, எத்தனை நாளா?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன, அவற்றில் பெற்றோரே தலைவர்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதற்கு முன்னால் பி.டி. பதிவேட்டை எடுத்து வரச் சொல்லலாம். போன மாதம் அந்த மணி அடித்தபோது தங்கள் மகள் மைதானத்தில் இருந்தாளா, பெஞ்சில் இருந்தாளா என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.