கை வைத்தியத்திற்கும் அளவு வேண்டும்

வேம்பார் வட்டாரத்தில் ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் ஆடு வளர்ப்போருக்குக் கவலையும் பிடித்துக்கொள்ளும். பட்டியெல்லாம் சேறு. ஈரத்தில் நின்ற ஆட்டின் குளம்பிடுக்கில் புண் வைக்கும்; ஈ மொய்த்துப் புழு விழும். மானாவாரியை நம்பி வாழும் சிறு விவசாயிக்கு ஆடுதான் கைமுதல். நாலு ஆடு நொண்டினால், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குத் திண்டாட வேண்டியதுதான்.

இந்தச் சமயத்தில் வேப்பிலையையும் துளசியையும் தேடும் பெரியவர்களைக் கேலி செய்வோர் உண்டு. அது தவறு. ஓமத்தில் தைமால், கற்பூரவல்லியில் கார்வக்ரால், கிராம்பில் யூஜினால் என்னும் பொருட்கள் உள்ளன. இவற்றின் மணத்திற்குக் காரணமான இந்த எண்ணெய்ப் பொருட்களே நுண்கிருமியின் மேலுறையைச் சிதைத்து அதை அழிக்கின்றன. துளசியிலும் யூஜினால் உண்டு.

குளம்புப் புண்ணுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வகுத்த மூலிகை முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரப்பி வருகிறது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஆகியவற்றில் வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம். இவற்றை அரைத்து, 250 மில்லி தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவிட வேண்டும். புண்ணைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தபின் தடவ வேண்டும். புழு இருந்தால் முதல் நாள் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் இடலாம்.

ஆனால் கை வைத்தியமே எல்லாவற்றுக்கும் போதும் என்பதும் தவறு. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் மடியும் கிருமி, ஆட்டின் உடலுக்குள்ளும் அப்படியே மடியும் என்று சொல்ல முடியாது. கடையில் விற்கும் செறிவான வாசனை எண்ணெயை அப்படியே பூசினால் தோல் வெந்துபோகும். கோமாரியும் ஆட்டுக்கொல்லி நோயும் வைரஸால் வருபவை. அவற்றைத் தடுக்கத் தடுப்பூசிதான் வழி. காய்ச்சல் கண்டு தீவனம் எடுக்காத ஆட்டை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, கடையில் கேட்டு வாங்கி அரைகுறையாகப் போடும் ஆன்டிபயாடிக் ஊசி. அளவு குறைந்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945லேயே எச்சரித்தார். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019ல் தடை விதித்தது. சாதாரணப் புண்ணை மூலிகை எண்ணெயால் ஆற்றினால் ஊசிச் செலவு மிச்சம். ஊசி உண்மையில் தேவைப்படும் நாளில் அது வேலையும் செய்யும்.

எனவே, மேற்கண்ட அளவுகளை ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் பால் சங்கத்திலும் எழுதி வைக்க வேண்டும். மழை மாதங்களில் மருத்துவக் குழு கடலோரக் கிராமங்களுக்குத் தவறாமல் வர வேண்டும். விவசாயிகளும் கிணற்றடியில் துளசி, கற்பூரவல்லி, மருதாணி வைத்து வளர்ப்பது நல்லது. குளம்பு அழுகிய பிறகு இலை தேடி அலைவதைவிட, புரட்டாசியிலேயே பட்டியை மேடாக்கி எண்ணெயைக் காய்ச்சி வைப்பதே சிக்கனம்.